துளை இல்லாத சிறை

விருத்தாசலத்தில் பொம்மைப் பட்டறைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு அடியில் ஒரு துளை வேண்டும். யானை பொம்மையானாலும் சரி, செட்டியார் பொம்மையானாலும் சரி, துளை போட்ட பிறகுதான் சூளைக்குப் போகலாம். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லாவிட்டால் பொம்மையை உடைத்துக்கொண்டு வரும்.

அமிர்தத்துக்கு இது நன்றாகவே தெரியும். அவளுடைய அப்பா மாணிக்கவேல் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை போடுகிறவர். அப்படியிருந்தும் அவள் துளை இல்லாமல் ஒன்று செய்தாள். அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. கேட்டால் உங்களுக்கும் அது நியாயமாகத்தான் படும்.

அது 1974-ஆம் ஆண்டு மே மாதம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பட்டறைக்குப் பின்னால் உடைந்த பொம்மைகளைக் கொட்டும் மேடு ஒன்று உண்டு. அதை ஒட்டியிருந்த நிழலில் அமிர்தமும் அவள் தம்பி ஜெயராஜும் தோழி சாதிகாவும் தினமும் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். அதற்குப் பாதாளக் கோட்டை என்று பெயர். அவர்களே கண்டுபிடித்தது.

தரையில் கரித்துண்டால் அறைகளையும் சந்துகளையும் வரைந்துகொள்வார்கள். ஒருவர் கோட்டைக்காரர். எந்த அறையில் பாம்பு இருக்கிறது, எந்தக் கதவு பொய்க்கதவு, எங்கே காலை வைத்தால் கிணற்றில் விழ வேண்டியது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் ஆளுக்கொரு பொம்மையை நகர்த்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நான்கு சோழிகளை உருட்ட வேண்டும். எத்தனை சோழி மல்லாந்து விழுகிறதோ அதைப் பார்த்து, கதவு திறந்ததா, கூரை இடிந்து தலையில் விழுந்ததா என்று கோட்டைக்காரர் சொல்வார்.

எப்போதும் அமிர்தம்தான் கோட்டைக்காரி. கோட்டையின் வரைபடத்தைப் பழைய வரலாறு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து வைத்திருந்தாள். யாருக்கும் காட்ட மாட்டாள். எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அவளுக்கு மறக்காது.

வீரர்கள் எல்லோரும் உடைசல் மேட்டிலிருந்து பொறுக்கியவர்கள். சாதிகாவுக்கு ஒரு காது போன செட்டியார். ஜெயராஜுக்குத் தலை இல்லாத போலீஸ்காரர். தலை இல்லாவிட்டால் பாம்பு எங்கே கொத்துவது என்று தெரியாமல் திகைத்துவிடும் என்பது ஜெயராஜின் கட்சி. எட்டு வயதில் அவன் எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி வைத்திருந்தான்.

கரிக்கோடு காற்றில் அழிந்தது. அதைவிட அதிகமாக ஜெயராஜின் காலில் அழிந்தது. அதனால் களிமண்ணில் நிஜக் கோட்டையே செய்துவிடலாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

அச்சிலிருந்து பிதுங்கி விழும் மண்ணைப் பட்டறையில் யாரும் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்வதில்லை. அமிர்தம் அதைப் பிசைந்து, தட்டி, சுவர்களாக வெட்டினாள். விளக்குமாற்றுக் குச்சியால் கீறிச் செங்கல் வரிகள் போட்டாள். படிக்கட்டும் வளைவு வாசலும் கிணறும் செய்தாள். தூண்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி பிடித்தாள். யானைப் பொம்மையின் கால் அச்சு ஒன்று சும்மா கிடந்தது. அதில் மண்ணை அழுத்தி எடுத்தால் அருமையான தூண் வந்தது. எல்லாத் தூணிலும் அடியில் நகம் இருந்தது, அவ்வளவுதான்.

வண்ணம் பூசுவது சாதிகாவின் வேலை. அவளுடைய அம்மா ஜைத்தூன் பீவி பட்டறையில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிறவர். கிண்ணத்தில் மிஞ்சிய வண்ணத்தை மகளுக்குக் கொடுப்பார். சூளை வண்ணத்தைப் பார்த்து நம்பக் கூடாது. இப்போது சாம்பலாக இருப்பது வெந்த பிறகு நீலமாக வரும். சாதிகாவுக்கு அதெல்லாம் அத்துப்படி. சுவரின் மேல்பக்கம் நீலம் வரும்படியும் கீழே பாசி படிந்தது போலப் பச்சை வரும்படியும் மெல்லிய தூரிகையால் தீட்டினாள். கிணற்றங்கரையில் ரத்தம் வேண்டும் என்று ஜெயராஜ் நச்சரித்தான். சிவப்பு இந்தச் சூட்டைத் தாங்காது, வெந்தால் பழுப்பாகிவிடும் என்றாள் சாதிகா. அப்படியானால் பழைய ரத்தம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சமாதானம் ஆனான்.

கோட்டை முக்கால்வாசி முடிந்திருந்தது. தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த சாதிகா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கோட்டைக்குள்ள ஒரு கைதி வேணும் அமிர்தம்."

ராஜாவா, மந்திரியா என்று அமிர்தம் கேட்டாள்.

"யாருன்னு தெரியல. ரொம்ப தூரத்துல புடிச்சி வெச்சிருக்காங்க. கடுதாசி போடணும்னு அவருக்கு ஆசதான். ஆனா போட முடியல."

அமிர்தம் அதற்குமேல் கேட்கவில்லை. சாதிகாவின் அத்தா பரக்கத்துல்லா குவைத்தில் வேலை கிடைக்கும் என்று பம்பாய்க்கு ரயில் ஏறி ஏழு மாதம் ஆகியிருந்தது. கப்பல் ஏறப் போகிறேன் என்று பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சாதிகா முன்பெல்லாம் தெருவுக்கு ஓடுவாள். இப்போது ஓடுவதில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். மணிச்சத்தம் தாண்டிப் போனதும், "யாரு ஆட்டம்?" என்று கேட்பாள்.

அன்று சாயந்திரம் அவள் சிறையைச் செய்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு சுவர், தரை, கூரை. கைதியாக, உடைசல் மேட்டில் கிடைத்த பட்டாணி அளவு பீங்கான் உருண்டையை உள்ளே போட்டாள். கூரையை வைத்து விளிம்பெல்லாம் ஈரவிரலால் நன்றாகப் பூசி மூடினாள். காய்ந்ததும் குலுக்கிப் பார்த்தாள். கைதி உள்ளே கொடகொடவென்று உருண்டார்.

துளை மட்டும் போடவில்லை. துளை இருந்தால் கைதி அதன் வழியாகக் கத்தியிருப்பார். ஒரு கடிதமாவது வெளியே தள்ளியிருப்பார். போட முடியவில்லை என்றால் துளை இல்லை என்றுதானே அர்த்தம்? அமிர்தம் இதை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்று முறையும் சரியாகவே இருந்தது.

அந்த வாரம் போட்ட சூளை சாதாரணச் சூளை அல்ல. அதில் ஜைத்தூன் பீவியின் பொம்மைகள் இருந்தன. இத்தனை வருடம் அடுத்தவர் செய்த பொம்மைகளுக்குக் கண் எழுதியவர், இந்த முறை தானே அச்செடுத்து, தானே மண் ஊற்றி, நாற்பது பொம்மைகள் செய்திருந்தார். எல்லாம் பாண்டு வாத்தியக்காரர்கள். கன்னம் உப்ப ஊதுகிறவர் ரேஷன் கடைக்காரரைப் போலவே இருந்தார் என்று பட்டறை முழுவதும் சிரித்தது.

இந்தப் பொம்மைகள் நன்றாக வந்தால் பட்டறையில் ஜைத்தூன் பீவிக்கு நிரந்தரமாக ஒரு மேசை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு பெண்ணாடத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். சாதிகா இதை அமிர்தத்திடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பொம்மைகள் நேரே தீயில் படக்கூடாது. அதனால் தீக்களிமண்ணால் செய்த வட்டப் பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளைச் சூளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிள்ளைகளின் கோட்டைக்கென்று மாணிக்கவேல் ஒரு பெட்டி கொடுத்தார். சுவர், தூண், படி என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே வைத்தார். தூணில் இருந்த நகங்களைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில் அமிர்தம் பாவாடை மடிப்பிலிருந்து சிறையை எடுத்துக் கிணற்றுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் சொருகினாள். அப்பா பார்த்தால் கம்பியால் குத்தித் துளை போட்டுவிடுவார். பிறகு அது சிறையாகவே இருக்காது.

அதன்பின் அவள் சூளை வாயிலை விட்டு நகரவில்லை. தன் பெட்டி எங்கே போகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கி முடித்ததும் செங்கற்களை வைத்துச் சூளையின் வாயை அடைப்பார்கள். உள்ளே சரக்கு வைத்த எல்லோரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு கை சேறு அள்ளி அதன்மேல் அப்ப வேண்டும். அப்பும்போது சூளைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அதன் பிறகு கற்பூரம் காட்டுவார். கற்பூரம் காட்டி வாய் கட்டிய சூளையை, வெந்து ஆறும்வரை யாரும் திறப்பதில்லை.

"தொள போட்டாச்சா?" என்று மாணிக்கவேல் கேட்டார்.

"போட்டாச்சுண்ணே" என்று சொல்லி ஜைத்தூன் பீவி பிஸ்மில்லா சொல்லிச் சேற்றை அப்பினார்.

பிள்ளைகளும் சரக்கு வைத்தவர்கள் ஆயிற்றே. அவர்களையும் கூப்பிட்டார். மாணிக்கவேல் சூளைக்காரர் முகத்தோடுதான் மகளிடமும் கேட்டார்.

"தொள போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றாள் அமிர்தம்.

அவள் அப்பிய சேறு ஜைத்தூன் பீவி அப்பிய சேற்றுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது.

பூச்சு காய்ந்ததும், வெயில் தாழ ஐந்து மணிக்குத் தீ மூட்டுவது என்று முடிவாகியிருந்தது. மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அமிர்தம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரொம்பச் சின்ன பொம்மைக்குத் துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சின்னது பெருசுன்னு இல்ல" என்றார் மாணிக்கவேல். "முந்தின வருஷம் ஒரு கிளி. கைக்குள்ள அடங்கும். அது வெடிச்சி, பெட்டி மூடி எகிறி, பக்கத்து அடுக்கு சாஞ்சிடுச்சி. அது மேல இன்னொரு அடுக்கு. சூளைய தொறந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்குது. பாறாங்கல்லு மாதிரி. யாரு கிளின்னு இன்னி வரைக்கும் தெரியல."

அமிர்தம் எழுந்து சூளைப்பக்கம் போனாள். வெடித்தால் என் பெட்டிக்குள்ளேயே வெடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவள் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ரேஷன் கடைக்காரரின் உப்பிய கன்னம் நினைவுக்கு வந்தது. நாற்பது பேரும் வாத்தியத்தோடு ஒட்டிக்கிடப்பார்கள். சாதிகா துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணாடம் பஸ்ஸில் ஏறுவாள்.

கிளி யாருடையது என்று தெரியவில்லை. சிறை யாருடையது என்றும் யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அமிர்தம் பயந்துபோனாள்.

சூளை வாயில் சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை. அதில் அவளுடைய ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் ஜைத்தூன் பீவியின் விரல்கள். ஒரு செங்கல்லைத் தானே உருவிப் பார்க்கலாமா என்று கையை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். தெரியாத்தனமாக உருவினால் சுவர் உள்பக்கம் சரியும். சரியாக மூடாவிட்டால் தீ வெளியே கசியும். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டியது அப்பாவிடம் மட்டும் அல்ல.

நான்கு மணிக்கு மாணிக்கவேல் கரியைக் குவித்துக்கொண்டிருந்தார். ஜைத்தூன் பீவியும் சாதிகாவும் தீ மூட்டுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். அமிர்தம் மூன்று பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் பொய் சொல்லிட்டேன். சிறைக்கு தொள போடல. பெட்டிக்குள்ள இருக்குது."

மாணிக்கவேல் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கரிக்குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். அடித்திருந்தால்கூட அமிர்தத்துக்குத் தேவலாம்போல இருந்தது.

"எங்கம்மா பொம்ம கூடவா வெச்ச?" என்றாள் சாதிகா. கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாய் கட்டின சூளையை இருபது வருடத்தில் தான் திறந்ததே இல்லை என்று மாணிக்கவேல் மெதுவாகச் சொன்னார். அதோடு, பிள்ளைகளின் பெட்டியைப் பின்னால் இருக்கும் முதல் அடுக்கில் அடியில் வைத்ததாக அவருக்கு நினைவு. அதை எடுக்க வேண்டுமானால் வாய் முழுவதையும் பிரித்து, முன்னால் இருக்கும் அடுக்கையெல்லாம் இறக்க வேண்டும். எல்லாம் இன்னும் வேகாத பச்சை மண் பொம்மைகள். ஏற்றும்போதே உயிர் போகிறது. அவசரமாக இறக்கினால் எத்தனை தப்பும் என்று சொல்ல முடியாது. ஜைத்தூன் பீவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இல்லப்பா" என்றாள் அமிர்தம். "மொதல்ல அங்கதான் வெச்சீங்க. அந்த அடுக்கு ஆடுச்சின்னு அப்புறம் மாத்தினீங்க."

கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் வரைந்தாள். இது வாய். இது முன்வரிசை. இங்கே மூன்று அடுக்கு, பின்னால் மூன்று அடுக்கு. மூன்றாவது அடுக்கில் எட்டுப் பெட்டி. அதன்மேல் ஒன்பதாவதாக, தட்டை மூடி போட்டு, எங்கள் பெட்டி. கோட்டையின் வரைபடத்தை இத்தனை நாள் ஒளித்து வைத்தவள் இதை எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி வரைந்தாள். வாயின் மேல்மூலையில், வலப்பக்கம், நாலே நாலு செங்கல் எடுத்தால் அந்தப் பெட்டிக்கு நேரே கை போகும்.

மாணிக்கவேல் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். ஆடிய அடுக்கு அவருக்கும் நினைவு வந்தது. நாலு செங்கல்லுக்கு மேல் எடுத்தால் சுவர் தளர்ந்துவிடும், அந்தச் சந்தில் தன் கை நுழையாது என்றார்.

"என் கை நொழையும்பா."

அவர் ஜைத்தூன் பீவியைப் பார்த்தார். "என்னா தங்கச்சி சொல்ற? உன் சரக்குதான் முன்னால நிக்குது. உள்ள கல்லு கில்லு வுழுந்தாலும் வுழும்."

ஜைத்தூன் பீவி அமிர்தத்தின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல.

"தொறங்கண்ணே. அதுவே வந்து சொல்லிச்சி. அதுவே எடுக்கட்டும்."

மாணிக்கவேல் முதலில் சூளையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். பிறகு மேல்மூலைச் சேற்றை உளியால் சுரண்டி, நாலு செங்கற்களையும் ஒவ்வொன்றாக உருவினார். அமிர்தம் முக்காலியின் மேல் ஏறினாள். கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டாள். கன்னம் ஈரச்சேற்றில் ஒட்டியது. உள்ளே பார்க்க முடியாது. விரல்தான் கண்.

மூடி தட்டுப்பட்டது. அதை மெல்ல, அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பொறுமையாக, ஓரத்துக்கு நகர்த்தினாள். அடியில் யானை நகம் உள்ள ஒரு தூணில் விரல் பட்டது. இது யானைக்கால் மண்டபம். அதற்கு அடுத்தது வளைவு வாசல். வாசலைத் தாண்டினால் கிணறு. எத்தனையோ நாள் மற்றவர்களை இந்த வழியில் போகச் சொல்லிப் பயமுறுத்தியவள் இப்போது தானே போனாள். சோழி உருட்டுவதற்கு இல்லை. செய்தி கேட்டு ஓடிவந்த ஜெயராஜ் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடமிருந்து ஒரு கட்சியும் வரவில்லை.

கிணற்றுக்கும் படிக்கும் நடுவில் விரல் நின்றது. இரண்டு விரலால் பற்றினாள். அழுத்தினால் உடைந்து தூளாகி அங்கேயே விழும். அழுத்தாவிட்டால் நழுவும். நழுவினால் கீழே வாத்தியக்காரர்களின் பெட்டிகளுக்கு நடுவில் போய் விழும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினாள். கொடகொட என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மூடியைத் திரும்பத் தள்ளி மூடினாள். அழுதாலும் கை மட்டும் ஆடவில்லை.

வெளியே வந்த சிறையை மாணிக்கவேல் வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். பிறகு இடுப்பில் சொருகியிருந்த சைக்கிள் போக்கம்பியை எடுத்து மகளிடம் நீட்டினார். அதுதான் பட்டறையில் துளை போடும் கருவி. மண் காய்ந்துவிட்டதால் குத்தக் கூடாது, மெதுவாகத் திருகத்தான் வேண்டும். அமிர்தம் சுவரோரம் உட்கார்ந்து திருகினாள். மண் பொடிப்பொடியாக அவள் மடியில் உதிர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நிழல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாதிகா. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏன் துளை போடவில்லை என்று கேட்டாள். துளை இருந்தால் கைதி கடிதம் போட்டிருப்பாரே, அதனால்தான் போடவில்லை என்று அமிர்தம் சொன்னாள்.

சாதிகா கம்பி திருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா போடு" என்றாள்.

நாலு செங்கல்லும் திரும்ப ஏறின. வழக்கப்படி எல்லோரும் மறுபடியும் வந்து மூலையில் சேறு அப்பினார்கள். கோட்டையிலிருந்து எடுத்த சிறையை மாணிக்கவேல் திரும்ப உள்ளே வைக்கவில்லை. அது அடுத்த சூளைக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தார். அமிர்தத்தின் முறை வந்தபோது அவர் முன்னைப் போலவே, சூளைக்காரர் முகத்தோடு கேட்டார்.

"தொள போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா" என்றாள் அவள். இந்த முறை அது பொய் இல்லை.

அத்தோடு விட்டுவிட்டாரா என்றால் இல்லை. அடுத்த சூளைக்குப் போகும் முந்நூறு பொம்மைகளின் துளையையும் அவளே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். முந்நூறு பொம்மையின் அடிப்பக்கத்தையும் பார்த்தவர்கள் அந்தப் பட்டறையில் அவளைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் எரிந்து மூன்று நாள் ஆறிய பிறகு சூளையைத் திறந்தார்கள். நாற்பது வாத்தியக்காரர்களில் முப்பத்தெட்டுப் பேர் மினுமினுவென்று வந்தார்கள். ஒருவர் மேளத்தில் விரிசல், இன்னொருவர் தொப்பி கோணல். எந்தச் சூளையிலும் அவ்வளவு போகும். ரேஷன் கடைக்காரர் கன்னம் உப்பியபடியே இருந்தார். ஜைத்தூன் பீவி அவரைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தார். அடுத்த நாள் காலையில் ஜன்னல் பக்கத்து மேசையில் அவருடைய கிண்ணங்கள் இருந்தன. பெண்ணாடம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அமிர்தத்துக்கு அன்று இரண்டு ஆள் சாப்பாட்டுக்குப் பசித்தது.

கோட்டையும் வந்தது. சாம்பலாக இருந்த சுவர்கள் எல்லாம் வானத்துக்குப் போட்டியாக நீலமாக மாறியிருந்தன. கிணற்றங்கரை ரத்தம் பழையதாகவே வந்தது. சிறை மட்டும் இன்னும் வேகாத பச்சை மண். அடுத்த சூளைவரை யாரால் பொறுத்திருக்க முடியும்? நீலச் சுவர்களுக்கு நடுவில் அதை அப்படியே வைத்து விளையாடினார்கள்.

அன்று சாதிகாவின் செட்டியார் பாம்பு அறையைத் தாண்டினார். பொய்க்கதவில் ஏமாறவில்லை. கடைசியாகச் சிறையின் முன்னால் நின்று சோழியை உருட்டினாள். நாலும் மல்லாந்து விழுந்தன. விதிப்படி சிறையை உடைத்துக் கைதியை வெளியே எடுக்கலாம். அமிர்தம் ஒரு சின்னக் கல்லை எடுத்து நீட்டினாள்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. மூவரும் பேசாமல் இருந்தார்கள். மணி தாண்டிப் போனது.

சாதிகா கல்லை வாங்கவில்லை. வரலாறு நோட்டிலிருந்து ஒரு துண்டு காகிதம் கேட்டு வாங்கினாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதினாள். அதை மெல்லிசாகச் சுருட்டித் துளை வழியாகச் சிறைக்குள் தள்ளினாள். துளை சரியான அளவில் இருந்தது.

என்ன எழுதினாள் என்று அமிர்தம் கேட்கவில்லை. ஜெயராஜ்தான் சிறையை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினான். சத்தம் வரவில்லை. காகிதம் உள்ளே உருண்டையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை குலுக்கிவிட்டு, பத்திரமாக அதைக் கோட்டைக்குள் திரும்ப வைத்தான்.

"சத்தம் போடாதீங்க" என்றான். "கடுதாசி படிச்சிக்கிட்டு இருக்காரு."